மட்டக்களப்பில் ஒரு ‘லேனர்ஸ்’: எல் பெர்மிட்டின் நிபந்தனைகளை எவ்வளவு சொல்லித் தருகிறார்கள்?

‘லேனர்ஸ்’ என்று நாம் சொல்லும் சாரதிப் பயிற்சிப் பாடசாலை ஒன்றைப் பற்றி மட்டக்களப்பில் விசாரிக்கிற எவரும் முதலில் கேட்பது, அங்கே படித்தவர்கள் முதல் தடவையிலேயே செய்முறைப் பரீட்சையான ட்ரையலில் சித்தியடைகிறார்களா என்பதைத்தான். இரண்டாவது கேள்வி கட்டணம். இவ்விரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆயினும் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, எல் பெர்மிட் எனப்படும் பயிலுநர் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த நாளுக்கும் ட்ரையல் நாளுக்கும் இடையில் குறைந்தது மூன்று மாதங்கள் இருக்கின்றன. அந்த மூன்று மாதமும் பிள்ளை வீதியில் வாகனம் ஓட்டுவது அந்த ஒரு தாளை நம்பித்தான். அந்தத் தாள் எதற்கு அனுமதி தருகிறது, எதற்குத் தரவில்லை என்பதைப் பாடசாலை சொல்லித் தருகிறதா என்று கேட்டுப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. என் மகள் கார், மோட்டார் சைக்கிள் ஆகிய இரு வகுப்புகளுக்கும் பயின்ற, கல்லடிப் பக்கத்திலுள்ள பாடசாலை ஒன்றை இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிடுகிறேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் மாவட்டத்தின் பல பாடசாலைகளுக்கும் பொதுவானவை என்பதால் ஒன்றை மட்டும் சுட்டுவது முறையாகாது.

ஆரம்பக் கட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அதில் குறை காண எதுவுமில்லை. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மெடிக்கல் சான்றிதழுக்கு எந்த நாளில் போக வேண்டும், எந்தெந்த ஆவணங்களைக் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எழுத்துப் பரீட்சையில் 40 வினாக்கள் வரும், அவற்றுள் 30க்காவது சரியான விடை வேண்டும், நேரம் ஒரு மணித்தியாலம். தமிழிலேயே எழுதலாம். வீதிச் சமிக்ஞைகளைப் படம் படமாக வைத்து நடத்திய வகுப்புகள் இதற்குப் போதுமானவையாக இருந்தன. கைபேசியில் கிடைக்கும் மாதிரி வினாத்தாள்களைச் செய்து பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த வகுப்புகள் கொஞ்சம் சலிப்பைத் தரலாம்.

பாடசாலை தன் கட்டணத்துக்கு உண்மையில் உழைப்பது, அனுமதிப்பத்திரம் வந்த பிறகு நடத்துகிற ஒரேயொரு வகுப்பில். இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் நெடுங்காலம் சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற பயிற்றுநர் ஒருவர்தான் அதை நடத்துகிறார். அவர் மாணவர்களிடம் அவரவர் அனுமதிப்பத்திரத்தின் போட்டோ கொப்பி ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறார். பின்னர் எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொருவருடைய கொப்பியிலும் மூன்று இடங்களை வட்டமிடுகிறார்: வாகன வகுப்பு, காலாவதித் திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம். “இந்த மூண்டும் சரியெண்டால்தான் நீங்க ரோட்டில இறங்கலாம். முதல்ல அதப் பாருங்க, மறுகா காரப் பாப்பம்” என்று சொல்லிவிட்டே அவர் பாடத்துக்குள் நுழைகிறார்.

வாகன வகுப்பு என்பது வெறும் எழுத்தாகத் தோன்றினாலும் நம் மாவட்டத்தில் அதுதான் அதிகம் மீறப்படுகிற நிபந்தனை. கார், வான் போன்றவற்றுக்கு பி, முச்சக்கர வண்டிக்கு பி1, மோட்டார் சைக்கிளுக்கு ஏ அல்லது ஏ1, ட்ரக்டருக்கு ஜி, கையால் பிடித்து ஓட்டுகிற லேண்ட்மாஸ்டருக்கு ஜி1 என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகுப்பு உண்டு. அன்றைய வகுப்பில் வெல்லாவெளிப் பக்கத்து இளைஞன் ஒருவன் இருந்தான். வீட்டில் வயலுக்கு லேண்ட்மாஸ்டர் வைத்திருக்கிறார்கள், மூன்று நான்கு வருடங்களாக அவன்தான் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு வீதிக்கு வருகிறானாம். அவனுடைய அனுமதிப்பத்திரத்தில் இருந்ததோ ஏ, பி ஆகிய இரண்டு மட்டுமே. பயிற்றுநர் அவனை ஏசவில்லை. அவனுடைய கொப்பியில் வெறுமையாக இருந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டி, இந்த வட்டத்துக்குள் ஒன்றும் இல்லாதவரைக்கும் லேண்ட்மாஸ்டரோடு தார் வீதியில் இறங்கினால் நீ லைசன் இல்லாதவன்தான், பொலிஸார் மறித்தால் எல் பெர்மிட்டை எடுத்து நீட்டுவதால் பயனில்லை என்று மட்டும் சொன்னார். உரிய அனுமதிப்பத்திரமின்றி வாகனம் ஓட்டுவதற்கான தண்டப்பணம் இன்று 25,000 ரூபாயில் தொடங்குகிறது என்பதையும் அவர் சேர்த்துச் சொன்னபோது, ஒரு போகத்து உரச் செலவை நினைத்திருக்க வேண்டும், அந்தப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் பிரதேசமான படுவான்கரையின் பிள்ளைகள் பயில வருகிற எந்தப் பாடசாலையிலும் இந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்தது, கூட இருப்பவர் பற்றிய நிபந்தனை. பயிலுநர் தனியே ஓட்ட முடியாது, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரமுடைய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் மேலோட்டமாகத் தெரியும். ‘செல்லுபடியாகும்’ என்பதையும் ‘பக்கத்தில்’ என்பதையும் நம்மில் பலர் கவனிப்பதில்லை. பயிற்சிப் பாடசாலையின் காரில் பயிற்றுநர் இருப்பார், அங்கே சிக்கலில்லை. பிள்ளை வீட்டுக் காரில் மாலையில் பழகுகிறபோது பக்கத்தில் இருக்கிறவர் தகப்பனோ மாமாவோ அண்ணனோதான். அதனால் வீட்டில் யார் பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறாரோ அவரும் ஒரு நாள் வகுப்புக்கு வர வேண்டும் என்று இந்தப் பாடசாலை கேட்கிறது. நான் விசாரித்த வேறெந்தப் பாடசாலையிலும் இந்த ஏற்பாடு இல்லை. இந்த ஒன்றுக்காகவே இதைப் பிறருக்குச் சிபாரிசு செய்யலாம் என்பது என் கருத்து.

அந்த வகுப்புக்குப் போன பெற்றோர் எல்லோரிடமும் பயிற்றுநர் முதலில் கேட்டது, அவரவர் சாரதி அனுமதிப்பத்திர அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பச் சொல்லித்தான். பின்பக்கத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே தொடங்கிய திகதியும் முடிகிற திகதியும் அச்சிடப்பட்டிருக்கும். இலகு ரக வாகனங்களுக்கு எட்டு வருடம், கனரக வாகனங்களுக்கு நான்கு வருடம் என்று கொடுக்கப்படும் அட்டையை வாங்கிப் பேர்சுக்குள் வைத்த பிறகு அதைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் குறைவு. அன்றைக்கே ஒருவருடைய அட்டை காலாவதியாகியிருந்தது வெளிப்பட்டது. மருமகனுக்குப் பழக்கவென்று வந்தவர் அவர். அவர் பக்கத்தில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தனியாக ஓட்டியதற்குச் சமன் என்பதைப் பயிற்றுநர் விளக்கியபோது, அந்த மனிதர் அட்டையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் இரண்டு தடவை வாசித்தார். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அனுமதி பெற்றவர் கார் பழகும் பிள்ளையின் பக்கத்தில் இருப்பதும் இதே வகையில்தான் சேரும்.

பக்கத்தில் இருப்பவர் முன் இருக்கையில், கையை எட்டினால் ஹேண்ட்பிறேக் பிடிபடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பின்னால் குடும்பத்தோடு அமர்ந்து “மெல்லப் போ மகள்” என்று குரல் கொடுப்பதைக் கூட இருப்பதாகக் கொள்ள முடியாது. பயிற்சி ஓட்டத்தின்போது வேறு பயணிகளை ஏற்ற வேண்டாம் என்பதும் பாடசாலையின் விதி. மாமாங்கத் திருவிழாவுக்குக் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு எல் போட்டோடு புறப்படுகிற காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கூட்டத்தில் குழந்தை அழ, பின்னால் ஓட்டோக்காரர் ஹோன் அடிக்க, முன்னால் மாடு குறுக்கே வர, பழகுகிற பிள்ளை எதைத்தான் பார்ப்பாள்?

கூட இருப்பவர் மது அருந்தியிருக்கலாமா என்ற கேள்வியை ஒரு பெற்றோர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பயிற்றுநர் சிரிக்கவில்லை. இலங்கைச் சட்டத்தில் சாரதிக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது எல்லை. பயிலும் பிள்ளைக்கும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் தன் கணக்கில் அது பூச்சியம் என்று அவர் சொன்னார். இது அவருடைய சொந்த விதியாக இருக்கலாம். ஆனால் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பயிலுநருக்குச் சட்டமே பூச்சிய எல்லையை வகுத்திருக்கிறது, பக்கத்தில் இருப்பவருக்கும் தனியே ஓர் எல்லை உண்டு. ஆக, நம் ஓய்வுபெற்ற பஸ் சாரதி எங்கேயோ இல்லாத ஒன்றைக் கேட்டுவிடவில்லை.

எல் போட் விடயத்தில் சட்டம் எளிமையானது: வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்து, வாகனத்தின் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். நடைமுறை அவ்வளவு எளிமையாக இல்லை. கறுப்புக் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒட்டிய போட், மழையில் ஊறிச் சுருண்ட கடதாசி, றப்பர் பட்டியால் கட்டி இலக்கத் தகட்டையே பாதி மறைத்துத் தொங்குகிற பலகை என்று பலவிதம் பார்க்கிறோம். பாடசாலை தகரத்தில் பெயின்ட் அடித்த இரண்டு போட்களை மாணவருக்கு இரவல் தருகிறது, ட்ரையல் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. அதே காரை வீட்டிலுள்ள அனுமதிப்பத்திரக்காரர் ஓட்டுகிறபோது போட்டைக் கழற்றிவிட வேண்டும் என்றும் சொல்லித் தந்தார்கள். எப்போதும் போட்டைக் கட்டிக்கொண்டே திரிந்தால், நிஜமாகவே ஒரு பிள்ளை பழகுகிறபோது மற்றவர்கள் வழிவிட மாட்டார்கள் என்பது அவர்கள் தரும் காரணம். காத்தான்குடி பிரதான வீதியில் நடுவே ஈச்சை மரங்கள் நிற்கிற பகுதியைக் கடக்கும்போது இது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. போட்டைக் கண்ட பஸ் சாரதி ஒருவர் நின்று வழி கொடுத்தார், பின்னால் வந்த மற்றவரோ ஹோன் அடித்து முந்திக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள் பகுதிக்கு வரும்போது என் மதிப்பெண் குறைகிறது. காரில் பக்கத்து இருக்கை என்று ஒன்று உண்டு. ஸ்கூட்டியில் அது இல்லை. ஆகையால் கூட ஒருவர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மோட்டார் சைக்கிள் பழகுகிறவர்களால் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. எல் பெர்மிட் கிடைத்த அடுத்த நாளே, பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு பாசிக்குடாவுக்குப் புறப்படுகிற இளைஞர்கள் நம் ஊரில் ஏராளம், அதைப் பார்த்து ஆச்சரியப்படுகிற பெற்றோரும் இல்லை. அந்த வகுப்பில் பயிற்றுநர் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது: பழக்குகிறவரைத் தவிர வேறெவரையும் பின்னால் ஏற்ற வேண்டாம், இருவருக்கும் ஹெல்மெட், தனியே தூரம் போக வேண்டாம். ஆனால் இவ்வளவு சொன்ன பாடசாலை, ஸ்கூட்டி மாணவர்களை மைதானத்தில் எட்டுப் போட வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எட்டு வடிவத்தில் கால் ஊன்றாமல் வளைந்து வந்துவிட்டால் ட்ரையலுக்குப் போதும். பார் வீதியிலோ திருமலை வீதியிலோ இடப்பக்கச் சந்தியிலிருந்து திடீரென வெளியே வருகிற சைக்கிளைக் கண்டு எந்தப் பிறேக்கை முதலில் பிடிப்பது என்பதை எட்டு கற்றுத் தராது. வீதியில் பழக்க ஆளில்லை என்றால், மாணவர் தனியே போய்த்தான் பழகுவார், அதாவது பாடசாலை தடுத்த அதையே பாடசாலையின் குறை அவரைச் செய்ய வைக்கிறது. பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிளில் பயிற்றுநர் ஒருவர் தொடர்ந்து வந்து ஓரிரு மணித்தியாலம் நகரத்துக்குள் பழக்குவதற்கு மேலதிகக் கட்டணம் கேட்டாலும் நான் கொடுத்திருப்பேன். மாறாக, ஸ்கூட்டிப் பகுதியில் ஒரு பெண் பயிற்றுநர் இருப்பதைப் பாராட்ட வேண்டும். என் மகளோடு பயின்ற பெண்களில் பலர் அவருக்காகவே ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வந்தவர்கள். காருக்குப் பெண் பயிற்றுநர் இல்லை.

அதிவேக நெடுஞ்சாலையில் பயிலுநர்கள் ஓட்டக் கூடாது என்பதையும் பாடத்தில் சொன்னார்கள். 2011ஆம் ஆண்டு நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னர் வந்த கட்டுப்பாடுகளில் இதுவும் ஒன்று. மோட்டார் சைக்கிள்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் அங்கே அனுமதியே இல்லை. கிழக்கு மாகாணத்தில் அப்படியொரு வீதி கிடையாது என்பதால் வகுப்பில் எல்லோரும் இதைக் காதில் வாங்காமல் இருந்தார்கள். கொழும்பில் உறவினர் வீட்டுக் காரில் பழகலாம் என்று நினைக்கிற பிள்ளைகளுக்குத்தான் இது தேவைப்படும்.

வெளிநாட்டிலுள்ள நம் பிள்ளைகள் பயிலுநர் காலத்தில் அனுபவிக்கிற கட்டுப்பாடுகளோடு ஒப்பிட்டால் நம்முடையவை குறைவு என்றே தோன்றும். டொரொண்டோவில் இருக்கும் என் தங்கையின் மகன் இந்த வருடம் ஒன்டாரியோ மாகாணத்தில் ஜி1 என்று அழைக்கப்படும் பயிலுநர் அனுமதியோடு பழகுகிறான். அவனுக்குப் பக்கத்தில் இருப்பவர் குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள சாரதியாக இருக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து அதிகாலை ஐந்து மணிவரை அவன் ஓட்டக் கூடாது. நானூறு வரிசை எனப்படும் அதிவேகப் பெருந்தெருக்களில் சாதாரணமாக ஏற முடியாது. பிரித்தானியாவில் கூட இருப்பவருக்கு 21 வயது நிறைந்திருப்பதோடு மூன்று வருடமாக அனுமதிப்பத்திரமும் இருக்க வேண்டும். அங்கே பயிலுநர்களை மோட்டார்வே பக்கமே விடாமல் இருந்து, 2018 ஜூனிலிருந்துதான், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநரோடு இரட்டைக் கட்டுப்பாட்டுக் காரில் மட்டும், அனுமதித்தார்கள். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குட்பட்டவர் 120 மணித்தியாலம் ஓட்டிப் பழகியதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதிக் காட்ட வேண்டும், அதில் 20 மணித்தியாலம் இரவில். இவற்றைத் தொலைபேசியில் கேட்டு என் மகள் கணக்குப் பார்த்தாள். பாடசாலை பக்கேஜில் கிடைத்த ஓட்டங்களையெல்லாம் சேர்த்தாலும் அந்த இரவு நேரத்துக்குக்கூட எட்டவில்லை.

அவ்வாறான எண்கள் நம் நடைமுறையில் இல்லாத இடத்தில் பாடசாலையே சில எல்லைகளைப் போட்டிருப்பது எனக்குப் பிடித்தது. வீட்டுக் காரில் பழகுவோருக்கு அவர்கள் எழுதிக் கொடுக்கும் ஆலோசனையில் பயிற்சியை மாலை ஆறு மணிக்குமுன் முடித்துவிட வேண்டும் என்றும், முதல் மாதத்தில் கல்லடி உள்வீதிகளைத் தாண்ட வேண்டாம் என்றும், இரண்டாவது மாதத்திலிருந்துதான் காத்தான்குடி, ஆரையம்பதி வழியாகக் களுவாஞ்சிகுடி செல்லும் ஏ4 பிரதான வீதியைத் தொடலாம் என்றும் இருக்கிறது. படுவான்கரைப் பக்கம் பழக விரும்புகிறவர்கள் 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலை வீதியில் காலை வேளையில் மட்டும் போக வேண்டுமாம். காரணம் சொல்லத் தேவையில்லை: அறுவடைக் காலத்தில் வீதியின் பாதியில் நெல் காய்கிறது, பொழுது சாய்ந்ததும் பின் விளக்கில்லாத ட்ரக்டர் பெட்டிகள் வீடு திரும்புகின்றன, இன்னும் உள்ளே போனால் யானை வருகிறது. நெல்லின்மேல் காரின் ஒரு பக்கச் சில்லு ஏறினால் பிறேக் எப்படி வழுக்கும் என்பதை எந்த நூலும் எழுதவில்லை. அந்த வீதியில் என் மகள் நெல்லைக் கண்டு முழுவதுமாக நிறுத்திவிட்டு, எதிரே ஆளில்லை என்று பார்த்து, நெல் காயவைத்த அம்மா கையைக் காட்டிய பிறகே வலப்பக்கமாக விலகிப் போனாள். அன்று பக்கத்தில் நான் இருந்ததால் வேகம் குறைந்ததா, பயிற்றுநரின் சிவப்பு வட்டங்கள் குறைத்தனவா என்று சொல்ல முடியாது.

ஆனால் இந்த எல்லைகளுக்கு மறுபக்கமும் உண்டு. மாலை ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்றால், இரவு ஓட்டத்தை அந்தப் பிள்ளை முதன்முதலாகத் தொடுவது லைசன் கையில் கிடைத்த பிறகு, பக்கத்தில் யாருமில்லாமல்தான். எதிர் வாகனத்தின் ஹை பீம் கண்ணில் அடிக்கும்போது பார்வையை வீதியின் இடது ஓரத்துக்குத் திருப்ப வேண்டும் என்பதை வகுப்பில் வாயால் சொல்லிவிட்டால் போதாது. பயிலுநர் காலத்தின் கடைசி வாரங்களிலாவது, பயிற்றுநர் கூட இருக்க, கல்லடிப் பாலத்திலிருந்து நகரத்துக்குள் ஓரிரு இரவு ஓட்டங்கள் பக்கேஜில் இருந்திருக்க வேண்டும்.

கார்ப் பயிற்சி பற்றி இன்னும் ஒன்று. பாடசாலையின் காரில் பயிற்றுநர் பக்கத்திலும் பிறேக் மிதி உண்டு, அது அவசியமானதும்கூட. ஆனால் இரண்டாவது பயிற்றுநர், இளைஞர், அதை மிக விரைவாக மிதித்துவிடுகிறார். மாணவி தன் காலைத் தூக்கிப் பிறேக்கில் வைப்பதற்குள் கார் நின்றுவிடுகிறது, தான் நிறுத்தினேனா அவர் நிறுத்தினாரா என்று அவளுக்கே தெரிவதில்லை. மூத்தவர் அப்படியில்லை. மிதியின்மேல் காலை வைத்தபடி, “கண்ணாடியப் பாத்திட்டு, சிக்னலப் போட்டுட்டு, மெல்லமாக் கிறுகுங்க மகள்” என்று குரலாலேயே காரை ஓட்டுவிக்கிறார். தட்டையான நம் ஊரில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்குவதற்குப் பாலத்தின் அணுகு வீதியைத் தவிர வேறு மேடு கிடைப்பது கடினம். கிளச்சைப் பாதியில் பிடித்து, எஞ்சினின் சத்தம் கனத்துக் காரின் முன்பக்கம் இலேசாக எழும்பும் அந்தக் கணத்தில் ஹேண்ட்பிறேக்கை விடுவதை அவர் போக்குவரத்துக் குறைந்த அதிகாலையில் அங்கே கூட்டிப்போய்ப் பழக்கினார். முன்பதிவு செய்கிறபோது யார் பயிற்றுநர் என்று கேட்டே திகதி எடுங்கள்.

காப்புறுதி பற்றி வகுப்பில் ஒரு வசனம்கூட இல்லாதது பெரிய குறை. வீட்டுக் காரில் எல் போட் இல்லாமலோ கூட உரியவர் இல்லாமலோ ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கப்போவது அனுமதிப்பத்திர நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்பட்டனவா என்பதைத்தான். தண்டப்பணத்தோடு முடிகிற விடயம் அதோடு முடியாமல் போகலாம். நான் எங்கள் காரின் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் பயிலுநர் சாரதி பற்றிய பகுதியை வாசித்து, விளங்காததைக் கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பின்னர்தான் மகளிடம் சாவியைக் கொடுத்தேன். பத்திரத்துக்குப் பத்திரம் நிபந்தனை வேறுபடும் என்பதால் ஒவ்வொருவரும் தங்களுடையதைப் பார்ப்பதே நல்லது. வாகன வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிச் சான்றிதழையும் பயிலுநர் அனுமதிப்பத்திரத்தோடும் அடையாள அட்டையோடும் சேர்த்துக் காரில் வைத்திருக்கச் சொன்னதோடு பாடசாலை நிறுத்திக்கொண்டது.

கட்டண விடயத்திலும் அவர்கள் இன்னும் வெளிப்படையாக இருக்கலாம். முதலில் சொல்லப்படுகிற பக்கேஜ் தொகையில் வகுப்புகளும் ஓட்டப் பயிற்சியும் அடங்கும். ட்ரையல் நாளில் பாடசாலையின் காரைப் பயன்படுத்துவதற்குத் தனிக் கட்டணம் என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். கேட்டால், எல்லாப் பாடசாலையிலும் அப்படித்தான் என்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படியிருந்தால், முதல் நாளே சொல்வதில் அவர்களுக்கு என்ன நட்டம்? அதோடு, காரில் ஒரு மாணவர் ஓட்டும்போது முறைக்காகக் காத்திருக்கிற இன்னும் இருவரைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். பயிற்சி ஓட்டத்தில் வேறு பயணிகள் வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுத் தாங்களே அதைச் செய்வது பொருத்தமில்லை. மற்றவர் ஓட்டுவதைப் பார்த்தும் கற்கலாம் என்ற அவர்களுடைய விளக்கத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் என் மகள் பின்னால் அமர்ந்திருந்த நேரத்துக்கும் நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு சிறு குறை: அந்த ஒரு வகுப்பில் சொன்னவை எழுத்தில் தரப்படுவதில்லை. மேலே சொன்ன ஆலோசனைத் தாளில் நேரமும் பாதையும்தான் உண்டு. வாகன வகுப்பு, காலாவதித் திகதி, கூட இருப்பவரின் தகுதி, எல் போட், பின்னால் ஏற்றாமை ஆகிய விடயங்களை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், வகுப்புக்கு வர முடியாத வெளிநாட்டுத் தகப்பனுக்கும் அதை வட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கலாம். நம் வீடுகளில் பழக்குகிறவர் பெரும்பாலும் தாய்மாமனாகவோ பக்கத்து வீட்டு அண்ணனாகவோ இருக்கிறார், பணம் அனுப்புகிறவர் கட்டாரில் இருக்கிறார்.

யாருக்கு இந்தப் பாடசாலை பொருந்தும் என்று கேட்டால், கார் வகுப்பு பயில விரும்புகிறவர்களுக்கு, அதிலும் வீட்டுக் காரில் பெற்றோரோடு பழகப் போகிற பிள்ளைகளுக்கு, தயங்காமல் சொல்வேன். மோட்டார் சைக்கிள் மட்டும் பயில வருகிறவர்கள், வீதிப் பயிற்சி உண்டா என்று முதலில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் அதைத் தருகிற வேறு இடம் தேடுவது நல்லது. ட்ரக்டர், லேண்ட்மாஸ்டர் வகுப்புகள் இங்கே கிடையாது. அதிகாலை ஓட்டங்களுக்கான திகதிகள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. எழுத்துப் பரீட்சை முடிந்த அன்றே மூத்த பயிற்றுநரின் பெயரைச் சொல்லி முன்பதிவு செய்துகொள்ளுங்கள், ட்ரையல் காருக்கான கட்டணத்தையும் அன்றைக்கே கேட்டு ரசீதில் எழுதிவாங்குங்கள்.